மூன்றாம் சரணம் நிலுவையில் உள்ளது

மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டால் ஆண்பிள்ளைகள் வழக்கமாகச் செய்வது இரண்டில் ஒன்று. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூப்பிடப் போவார்கள். அல்லது, போனவளுக்கு வரத் தெரியாதா என்று வீறாப்பாக உட்கார்ந்திருந்து, துவைத்த சட்டை தீர்ந்ததும் கூப்பிடப் போவார்கள். வாஷிங் மெஷின் மெக்கானிக் இந்த இரண்டையும் செய்யவில்லை. அவர் ஒரு பாட்டு மன்றத்தில் போய் உறுப்பினராகச் சேர்ந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. அன்று சாயங்காலம் அவள் பெட்டியோடு கிளம்பியபோது பக்கத்து வீட்டு ரேடியோவில் 'ஹெட்லைட்' பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாலு பையன்கள் அகலத் தொப்பி போட்டுக்கொண்டு எப்போதோ பாடிய பாட்டு. கிட்டாரும் மவுத் ஆர்கனுமாகக் குதிரை நடையில் ஆரம்பிக்கும். நல்லபடியாகத்தான் போகிறது என்று நாம் நினைக்கும்போது டிரம்ஸைப் போட்டு உடைப்பார்கள். லாரிக்காரன் ஒருவன் புழுதி ரோட்டில் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வீடு வந்து சேருகிற கதை. பஸ்ஸிலும் சலூனிலும் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் பாடம். யாரும் அதை உட்கார்ந்து யோசித்ததில்லை.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். "இந்தப் பாட்டுல மூணாவது சரணம் வரும் பாருங்க. அதைக் கேளுங்க. அப்பவாவது உறைக்குதான்னு பாப்போம்" என்றாள். அப்புறம் படியிறங்கிப் போய்விட்டாள். போனது ஒன்றும் கடல் கடந்து இல்லை. மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் அவளுடைய அக்கா வீடு.

மெக்கானிக் கேட்டார். வேனில் போகும்போது கேட்டார், வரும்போது கேட்டார், யார் வீட்டு மெஷினையாவது கவிழ்த்துப் போட்டு பெல்ட் மாற்றும்போதும் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். மூன்றாவது சரணம் இவ்வளவுதான்:

ஹெட்லைட் ரெண்டும் வாசல்ல நிக்குது
இறங்கி வரத்தான் மனசு இல்ல
நாய்கூட எழுந்து பாத்துட்டு
மறுபடி படுத்துக்கிச்சு

அவர்களுக்கு லாரி கிடையாது. நாயும் கிடையாது. குடியிருப்பதோ மூன்றாவது மாடி, எந்த ஹெட்லைட்டும் வாசலில் வந்து நிற்க வழியில்லை. இதில் தனக்கு எது உறைக்க வேண்டும் என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

"அவங்ககிட்டயே கேட்டுட வேண்டியதுதான?" என்றார் பட்டறைக் கூட்டாளி.

"புரியலன்னு தெரிஞ்சா இன்னும் கோவம் வரும்."

"புரிஞ்சிட்டா?"

"புரிஞ்சிட்டா, புரிஞ்சதைச் சொல்லிக் கூட்டிட்டு வந்துடுவேன்."

கூட்டாளி கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "இந்தப் பாட்டுக்குன்னே ஒரு மன்றம் இருக்குது, டயர் கடை மாடில. என் மச்சினன் அங்க போய்தான் உருப்படாமப் போனான்" என்றார்.

கூட்டாளி எச்சரிக்கையாகச் சொன்னதை மெக்கானிக் விலாசமாக எடுத்துக்கொண்டார்.

மன்றத்துக்குப் போகிற மாடிப்படியெல்லாம் ரப்பர் நாற்றம். மேலே ஒரே அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், இருபது பேருக்கு ஒரு மைக். மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு லாரி ஹெட்லைட் இருந்தது. அது பாட்டில் வருகிற லாரியின் ஹெட்லைட்டா என்று மெக்கானிக் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். பாட்டில் வருகிற லாரி பாட்டில்தான் வருகிறது என்றும், இது கீழே டயர் கடைக்காரர் அன்பளிப்பு என்றும், ஆனால் இதற்கு முதுகைக் காட்டி உட்காரக் கூடாது என்றும் பக்கத்தில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார்.

கூட்டம் ஆரம்பித்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். செயலாளர் பாட்டைப் போட்டார். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பட்டனை அழுத்துவதில்கூட ஒரு கையெழுத்துப் போடுகிற தோரணை இருந்தது. கிட்டார் வந்தது, பல்லவி வந்தது, முதல் சரணம் வந்தது, லாரி பஞ்சராகிற இரண்டாவது சரணமும் வந்தது. மெக்கானிக் காதைத் தீட்டிக்கொண்டார். டொக் என்று செயலாளர் நிறுத்திவிட்டார். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"மூணாவது சரணம் சார்?" என்றார் மெக்கானிக்.

"மூன்றாம் சரணம் நிலுவையில் உள்ளது" என்றார் செயலாளர்.

விஷயம் இதுதான். மூன்றாம் சரணத்து நாய் ஏன் மறுபடி படுத்துக்கொண்டது என்பதில் மன்றம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. வந்தவனை அடையாளம் தெரிந்ததால் படுத்தது என்பது ஒரு கட்சி. தெரியாததால் படுத்தது என்பது எதிர்க்கட்சி. நாயே முக்கியமில்லை, ஹெட்லைட்தான் முக்கியம் என்று சொன்ன மூன்றாவது கட்சி ஒன்றும் இருந்திருக்கிறது. அவர்கள் தனி மன்றம் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். தீர்ப்பு வரும்வரை அந்தச் சரணத்தை மன்றத்துக்குள் ஒலிபரப்புவதில்லை என்று தீர்மானம். அது போட்டுப் பல வருஷம் ஆகிவிட்டதாம்.

"அர்த்தம் முடிவாகாத வரியைக் கேட்டா ஆபத்து" என்று செயலாளர் விளக்கினார். "ஒரு உறுப்பினர், நல்ல மனுஷன், மூணாம் சரணத்தைக் கேட்டு அழுதுட்டார். எந்த அர்த்தத்துல அழுதீங்கன்னு விளக்கம் கேட்டோம். சொல்லத் தெரியல. வேற வழியில்லாம நீக்கிட்டோம்."

"எழுதினவரைக் கேட்டா தெரிஞ்சிடாதா சார்?"

செயலாளர் முகத்தில் ஒரு பழைய வேதனை வந்து போனது. "கேட்டோம். கௌரவ உறுப்பினர் பதவியெல்லாம் குடுத்து, மேடைல உக்கார வெச்சுக் கேட்டோம். 'மெட்டுக்கு உக்காந்துச்சு, எழுதினேன்'னு சொல்லிட்டார். பாட்டைப் பத்தி அவ்வளவு மட்டமா எங்ககிட்ட யாரும் பேசினதில்ல. அவரையும் நீக்கிட்டோம்."

மன்றத்தில் நாலு படிகள் உண்டு. புதிதாக வருகிறவர் கேட்பவர். அடுத்தது கவனிப்பவர். அதற்கு மேலே உணர்பவர். எல்லோருக்கும் மேலே பொருளாளர். பொருளாளர் என்றால் வரவு செலவு பார்க்கிறவர் என்று மெக்கானிக் நினைத்தார். இல்லை, பாட்டின் பொருளைக் கையாளும் அதிகாரம் உள்ளவர். கேட்பவர் முதல் சரணத்தைப் பற்றி மட்டும்தான் பேசலாம், அதுவும் கேள்வியாக. சேரும்போது எல்லோரும் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும்: "இந்தப் பாட்டைப் பொறுத்தவரை எனக்குச் சொந்தமாக எந்த அர்த்தமும் இல்லை." மெக்கானிக் அதை முழு மனதோடு சொன்னார். அங்கே அதை உண்மையாகச் சொன்னவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

புது உறுப்பினர் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். மைக்கைப் பிடித்தார். பிடித்த பிடியிலேயே வம்பு ஆரம்பித்தது.

"நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்றேன். எங்க வீட்ல கோவிச்சுக்கிட்டு அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க. போறப்ப, இந்தப் பாட்டோட மூணாவது சரணத்தைக் கேளுங்க, அப்பவாவது உறைக்குதான்னு பாப்போம்னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு உறைக்கல. அதான் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

 நாயின் இரு கட்சியும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றன. கை தட்டி அமைதிப்படுத்திக்கொண்டு தலைவர் எழுந்தார். தலைவர் முதல் சரணத்தைப் பற்றி மூன்று பாகம் எழுதியவர், மூன்றும் முன்னுரை.

"உறுப்பினர்களே" என்றார் தலைவர். "இத்தனை காலமும் நாம் மூன்றாம் சரணத்தைத் தாளில்தான் பார்த்தோம். இன்று ஒரு பெண்மணி அதை வாழ்க்கையில் பயன்படுத்தியிருக்கிறார். ஒரு வீடு பிரிந்திருக்கிறது. மன்றத்துக்கு இதைவிட மகிழ்ச்சியான நாள் வேறு இல்லை."

பலத்த கைதட்டல். மெக்கானிக்கும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது சும்மா இருந்தால் நன்றாக இருக்காது.

அன்றே உபகுழு போட்டார்கள். மூன்றாம் சரண வாழ்வியல் பயன்பாட்டு உபகுழு என்று பெயர். அடுத்தடுத்த வாரங்களில் அது மெக்கானிக்கை உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. வீட்டம்மா 'கேளுங்க' என்றார்களா, 'கேட்டுப் பாருங்க' என்றார்களா. பெட்டி வலது கையிலா, இடது கையிலா. சொல்லும்போது அவரைப் பார்த்தார்களா, ரேடியோ வந்த திசையைப் பார்த்தார்களா. மெக்கானிக்குக் கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, அவளை அன்று தான் சரியாகப் பார்க்கவே இல்லை என்று. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, வலது கை என்றார். அடையாளம் தெரிந்த கட்சிக்கு அது சாதகமாம். எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்தது.

ஒருநாள், நடந்ததை நடித்தே பார்த்துவிடுவது என்று முடிவானது. கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் உறுப்பினர் மனைவியாக நின்றார். மீசை வைத்த மனிதர். யாருடைய பெட்டியையோ கையில் கொடுத்து அறைக்கதவின் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷம் நின்று, "இந்தப் பாட்டுல மூணாவது சரணம் வரும் பாருங்க" என்று ஆரம்பித்தார். நன்றாகத்தான் செய்தார். சொல்லி முடித்துப் பெட்டியோடு வெளியே காலை வைத்தபோது மெக்கானிக் ஓரடி முன்னால் வந்துவிட்டார்.

"இரு" என்றார் மெக்கானிக்.

கூரியர்காரர் திரும்பிப் பார்த்தார். உபகுழுவில் ஒரே சலசலப்பு.

"அன்னிக்கு 'இரு'ன்னு சொன்னீங்களா?" என்றார் செயலாளர்.

மெக்கானிக் கூரியர்காரர் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

"அப்ப அந்த வார்த்தை செல்லாது. எடுத்துடுங்க. மறுபடி முதல்ல இருந்து."

மறுபடி முதலில் இருந்து செய்தார்கள். இந்தத் தடவை மெக்கானிக் வாயை மூடிக்கொண்டு நின்றார். மிகச் சரியாக இருக்கிறது, அப்படியே அன்றைக்கு நடந்த மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார்கள். அவருக்கும் அப்படித்தான் பட்டது.

அன்று கிளம்பும்போது செயலாளர் தோளில் கைபோட்டுத் தனியாக அழைத்துப் போனார். "ஒரு சின்ன விஷயம். தீர்ப்பு வர்ற வரைக்கும் அவங்களை நீங்க பாக்கக் கூடாது. போனும் பேசக் கூடாது. அவங்க சாட்சி. நீங்க போய் ஏதாவது பேசி, அவங்க மனசு மாறி, கோவம் கீவம் தணிஞ்சிடுச்சுன்னா சாட்சியம் கெட்டுடும்."

"கோவம் தணியணும்னுதான் சார் நான் வந்ததே."

"தணியட்டும். முறைப்படி தணியட்டும்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தடை மெக்கானிக்குக்குப் பிடித்திருந்தது. மேம்பாலத்தைத் தாண்டிப் போய், அக்கா கதவைத் திறந்து, மேலும் கீழும் பார்த்து, உள்ளே போய் அவளைக் கூப்பிட்டு, அவள் வந்து நின்று, இவர் ஏதாவது பேசியாக வேண்டும்.  இப்போது போகாமல் இருப்பதற்கு ஒரு விதி கிடைத்துவிட்டது. சோம்பேறிக்கும் பயந்தவனுக்கும் விதியைப் போலத் துணை வேறு எதுவும் இல்லை.

ஒரு மதியம் ஒரு வீட்டில் மெஷினின் வடிகுழாயில் அடைத்திருந்த குழந்தைச் சாக்ஸை உருவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள்தான். ஈரக் கையோடு போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அடித்து ஓய்ந்தது. அந்த வீட்டு அம்மா, "எடுக்கலையா?" என்றார். "கூடாதுங்க" என்றார் மெக்கானிக். சாயங்காலம் இதை மன்றத்தில் சொன்னபோது செயலாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, மன்றம் உங்களை மறக்காது என்றார். அந்த வாரமே அவரைக் கவனிப்பவராக உயர்த்தினார்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்ன ஹெட்லைட் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது, இதை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டுப் படுத்தார். அவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ, எதற்குக் கூப்பிட்டாளோ என்ற யோசனை வந்தது. கட்டிலின் அந்தப் பக்கம் காலியாகக் கிடந்தது.

அடுத்தது செய்முறை ஆய்வு. நாய் ஏன் படுத்தது என்பதை நாயை வைத்தே பார்த்துவிட வேண்டும் என்று யாருக்கோ தோன்றிவிட்டது. லாரிக்கு எங்கே போவது. மெக்கானிக்கிடம் வேன் இருந்தது. ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில், கார்கள் நிறுத்துகிற இடத்தில், அங்கே காவல் வேலை பார்த்தவரின் நாயைக் கேட்டு வாங்கினார்கள். பழுப்பு நிறம், வயதான நாய், ஒரு காது மடங்கியது. ஒரு தூணுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுக்க வைத்தார்கள். மெக்கானிக் வேனை ஓட்டி வந்து அதன் முன்னால் நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"மனசில்லாம உக்காருங்க" என்று செயலாளர் ஜன்னல் பக்கம் வந்து சொன்னார். "நீங்க சும்மா உக்காந்திருக்கீங்க."

"எப்படி சார் வித்தியாசம் காட்டறது?"

"உள்ள போக வேண்டிய இடத்துக்குப் போகாம இருக்கணும். எங்க போகணும், ஏன் போகலன்னு நினைச்சுக்கங்க."

மெக்கானிக் நினைத்துக்கொண்டார். செயலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப பிரமாதமா இருக்குது, அப்படியே இருங்க" என்றார்.

நாய் எழுந்திருக்கவே இல்லை. வேனைப் பின்னால் எடுத்து மறுபடி மறுபடி கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாய் ஒருமுறை கண்ணைத் திறந்து, வெளிச்சம் கூசியதால் மூடிக்கொண்டது. காவல்காரர் வந்து, அதற்கு இப்போது தூங்குகிற நேரம் என்றார். மன்றம் மாலையில் கூடி, ஆய்வில் ஈடுபட்ட நாய் எழவில்லையாதலால் பாட்டில் வருவது வேறு நாய் என்று ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. இரு கட்சியும் ஒத்துப்போன முதல் தீர்மானம் அதுதான். தலைவர் கண்கலங்கிவிட்டார்.

பட்டறையில் கூட்டாளி எதுவும் கேட்பதை விட்டுவிட்டார். ஒரே ஒருநாள், டிரம்மின் பேரிங்கைத் தட்டிக் கழற்றிக்கொண்டே, "இன்னும் நாய் படுத்துத்தான் இருக்கா?" என்றார்.

"தீர்ப்பு நெருங்கிடுச்சுன்னு சொல்றாங்க."

"தீர்ப்பு வந்தா?"

"போய்க் கூட்டிட்டு வந்துடலாம்."

"அதுவரைக்கும் அவங்க அங்கயே இருப்பாங்களா?"

மெக்கானிக் ஸ்பானரைத் தேடினார். அந்தக் கேள்வி அவர் மண்டையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததுதான். அவள் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறவள். அவளுக்கென்று சம்பளம் இருக்கிறது. வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டால் இவர் கையில் இருக்கப் போவது ஒரு சரணத்தின் அர்த்தம் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஆனால் இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் முடிந்துவிடும் என்று நினைத்தார். இப்படித்தான் மனிதர்கள் வரிசையில் நின்றே வயதாகிப் போகிறார்கள்.

ஒருவழியாக ஆண்டுக் கூட்டம் வந்தது. வாடகைக்கு எடுத்த மண்டபம், மெத்தை வைத்த நாற்காலிகள். மூன்றாம் சரணத்தின் மீது தலைவர் தீர்ப்புரை வாசிப்பார் என்று அறிவித்திருந்தார்கள். மெக்கானிக் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, சின்ன ஹெட்லைட்டைக் குத்திக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். கூட்டம் முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போவதாக உத்தேசம். போய்ச் சொல்ல வேண்டியதை இன்னும் சற்று நேரத்தில் கொடுத்துவிடுவார்கள்.

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதலில் மன்றத்தின் வரலாறு. பிறகு தலைவரின் வரலாறு. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் கூரியர்காரர் தலை சாய்ந்து தூங்கிப்போனார். மெக்கானிக்கும் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்.

"இனி உபகுழுவின் அறிக்கைக்கு வருகிறேன்" என்றார் தலைவர். "நம் கள ஆய்வுக் குழுவினர் சாட்சியான அந்த அம்மையாரை அவருடைய தமக்கையார் இல்லத்தில் நேரில் சந்தித்தார்கள். ஒருமுறை அல்ல, மூன்று முறை. முதல் முறை சென்றது, கவனிப்பவர் அவர்கள் நம் மன்றத்தில் சேர்ந்த அதே மாதம்."

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூன்று முறையும் மூன்றாம் சரணத்தின் பொருள் யாது என்று வினவினோம். அம்மையார் பாட்டைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். 'அவரை வரச் சொல்லுங்க. வந்து என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க. கேட்டா நான் வீட்டுக்கு வந்துடறேன்' என்று இதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். உபகுழு இதை மிக நுணுக்கமாகப் பரிசீலித்தது. இப்படி ஒரு வரி பாட்டில் எங்குமே இல்லை. எனவே இது விளக்கம் ஆகாது என்று தள்ளுபடி செய்யப்பட்டது."

கைதட்டல்.

"இந்தச் செய்தியைக் கவனிப்பவர் அவர்களிடம் சொல்லிவிடலாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். மனிதாபிமானமுள்ள கேள்வி. ஆனால் மூன்றாம் சரணம் தொடர்பான ஆவணங்களை அறியும் உரிமை, தீர்ப்பு நாள் வரை, உணர்பவருக்கு மேல்தான் உண்டு. ஒருவருக்காக விதியை வளைத்தால் நாளை எல்லோரும் தத்தம் மனைவியைப் பற்றிக் கேட்பார்கள். மன்றம் பாட்டை மறந்துவிடும். ஆகவே சொல்லவில்லை. இதற்காக நாங்கள் பட்ட மனவேதனை கொஞ்சநஞ்சமல்ல."

இன்னும் பலத்த கைதட்டல். தூங்கிக்கொண்டிருந்த கூரியர்காரர் சத்தம் கேட்டு விழித்து அவரும் தட்டினார்.

மெக்கானிக் எழுந்தார். கோபம் வந்ததா என்றால், வந்தது. தலைவர்மீதும் வந்தது, செயலாளர்மீதும் வந்தது. ஆனால் அந்த வரிசையில் முதல் ஆளாகத் தானே நிற்பது தெரிந்ததால் சத்தம் போட வாய் வரவில்லை. கால்களை இடித்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தார். "தீர்ப்பு இனிமேல்தான்" என்று யாரோ கையைப் பிடித்தார்கள். கையை விடுவித்துக்கொண்டு நடந்தார்.

மேம்பாலத்தில் வண்டிகள் அதிகமில்லை. வேனில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. மாதக்கணக்கில் ஓடியும் தீராத தூரம், அன்று ஒரு சிக்னல் மாறுவதற்குள் முடிந்துவிட்டது.

அக்காதான் கதவைத் திறந்தார். மேலும் கீழும் பார்த்தார். சட்டையில் இருந்த சின்ன ஹெட்லைட்டையும் பார்த்தார். "பாட்டுக்காரங்க யாராவது இருக்கும்னு நினைச்சேன்" என்றார். உள்ளே திரும்பி, "உன்னைத்தான்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவள் வந்தாள். கிளினிக்கிலிருந்து இப்போதுதான் வந்திருக்க வேண்டும், கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்கியது. கொஞ்சம் இளைத்திருந்தாள். மெக்கானிக் அவளைப் பார்த்தார். உபகுழு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் தெரிகிற மாதிரி பார்த்தார்.

"அர்த்தம் கிடைச்சுதா?" என்றாள்.

"இல்ல."

"வந்தவங்ககிட்ட எல்லாம் சொல்லி அனுப்பினேனே."

"இன்னிக்குத்தான் தெரியும்."

"போன் பண்ணேன்."

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"எடுக்கக் கூடாதுன்னு விதி."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. உட்காரச் சொல்லவும் இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"அந்த மூணாவது சரணத்தை வெச்சு என்னதான் சொல்ல வந்த?" என்றார்.

"எது மூணாவது? லாரி பஞ்சராகுமே, அதுவா?"

"அது ரெண்டாவது. இது நாய் வர்றது."

"நாய் வருதா அதுல?" அவள் யோசித்தாள். "ஏதோ சோகமா இருக்கும்னு ஞாபகம். கோவத்துல காதுல விழுந்ததைச் சொன்னேன். எப்படியும் மறுநாள் வந்து, எதுக்கு அப்படிச் சொன்னேன்னு கேப்பீங்கன்னு நினைச்சேன். நீங்க ஊரையே கேட்டீங்க."

"கேட்டா உனக்குக் கோவம் வரும்னு பயந்தேன்."

"கோவம் வந்துதான வந்தேன். அதுக்கு மேல என்ன வரப்போகுது?"

 அடுப்பங்கரையில் அக்கா பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவிக்கொண்டிருந்தார். காது இங்கே இருந்தது.  இவ்வளவு நாள் மெக்கானிக் யார் யாரோ எழுதித் தந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். தானாக ஒரு கேள்வி கேட்டதில்லை.

"என்ன ஆச்சு?" என்றார். "எதுக்குப் போன?"

அவள் கண் சட்டென்று நிறைந்துவிட்டது. "இதை அன்னிக்குக் கேட்டிருந்தா பெட்டியை அங்கயே கீழ வெச்சிருப்பேன்" என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிரில் இருந்த நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

மெஷினில் இருந்து ஆரம்பித்தாள். ஊர் மெஷினையெல்லாம் ஓட வைக்கிறவர் வீட்டு மெஷின் ஒழுகி ஒழுகி, அடியில் அவள் பேசின் வைத்து, அந்தப் பேசினைத் தினமும் அவளே கொட்டினதில் இருந்து. அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் "ம்" என்றதில் இருந்து. எதைச் சொன்னாலும் "ம்" என்றதில் இருந்து. அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம், இவர் பக்கத்தில் உட்கார்ந்து அங்கே இருந்த ஏசி என்ன சத்தம் போடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததில் இருந்து. இவர் இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டினாள். மூடிக்கொண்டார். மன்றத்தில் அத்தனை வாரம் உட்கார்ந்தபோது வராத விழிப்பு இப்போது வந்திருந்தது. ஒரு வார்த்தை தவறவில்லை.

போன் அடித்தது. செயலாளர். எடுக்காவிட்டால் அடித்துக்கொண்டே இருப்பார் என்று எடுத்தார்.

"நன்றியுரைக்கு முன்னாடியே எழுந்து போயிட்டீங்க. விதிப்படி அது பெரிய குத்தம்" என்றார் செயலாளர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்ப எங்க, சாட்சி பக்கத்துலயா இருக்கீங்க? மூணாம் சரணத்தைப் பத்தி ஏதாவது வாயைத் திறந்தாங்களா? இங்க தீர்ப்பைத் தள்ளி வெச்சிருக்கோம்."

மெக்கானிக் அவளைப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் பேசி முடிக்கக் காத்திருந்தாள். இன்னும் நிறைய இருப்பது முகத்தில் தெரிந்தது.

"பாட்டைப் பத்திப் பேச்சே இல்ல சார். என்னைப் பத்திதான் சொல்லிட்டிருக்கா" என்றார் மெக்கானிக். "இப்பதான் பல்லவி முடிஞ்சிருக்கு. வெச்சிடறேன்."